பொன்னுக்கு முன் எழுத்து: கொழும்பில் அலங்கார எழுத்தும் நீர்வண்ணமும் கற்பிப்பது பற்றி

தமிழ் எழுத்தை அழகாக எழுதித் தரும்படி கேட்கும் தேவைக்குக் கொழும்பில் ஒருகாலும் குறைவு இருந்ததில்லை. திருமண அழைப்பிதழின் தலையில் பிள்ளையார் சுழியும் அதன் கீழ்ச் சிவமயமும் வேண்டும். ஓய்வுபெறும் அதிபருக்கு மேடையில் வாசித்துக் கையளிக்கும் வாழ்த்துப்பா, நாற்புறமும் கரை கட்டிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போக வேண்டும். அந்தியேட்டியன்று வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் திதி வெண்பா அச்சாகும் பக்கம் தனியாகத் தெரிய வேண்டும். வெள்ளவத்தையின் புடைவைக்கடைப் பெயர்ப்பலகை, கொட்டாஞ்சேனையின் கோயில் திருவிழா அறிவித்தல், தேவாலயத்துப் பதாகை என்று பட்டியல் நீளும். மறுபக்கத்தில், சனி ஞாயிறு நாட்களில் நீர்வண்ணப் பெட்டியோடு சித்திர வகுப்புக்குப் போகும் பிள்ளைகளும் இதே தெருக்களில்தான் நடக்கிறார்கள். ஆரம்ப வகுப்பில் ‘உறுப்பமைய எழுது’ என்று கொப்பியில் பயிற்சி செய்த கை அது. மேல் வகுப்பில் அந்தக் கைக்குத் தூரிகை கிடைக்கிறது. ஆனால் எழுதப் பழகிய பழக்கமும் வண்ணம் தீட்டப் பழகும் பழக்கமும் ஒரே மேசையில் சந்திக்கும் வகுப்பு மிக அரிது. இந்தக் கட்டுரை வாதிடுவது ஒன்றைத்தான்: அலங்கார எழுத்தைக் கற்பிக்க விரும்புகிறவர்கள் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும், வண்ணமும் பொன்னும் எழுத்தின் அமைப்பிலிருந்து வளர வேண்டும். இன்று நடப்பது பெரும்பாலும் இதன் தலைகீழ். முதலில் பூவும் கொடியும் வரைந்து முடித்து, மிஞ்சிய இடத்தில் எழுத்தைத் திணிக்கிறோம்.

இந்தத் தலைகீழ் வரிசைக்கு ஒரு வரலாறு உண்டு. இலங்கையில் நீர்வண்ணம் இரண்டு வழிகளால் கற்பிக்கப்பட்டது. அயர்லாந்து ஓவியரான அன்ட்ரூ நிக்கொல், இன்று றோயல் கல்லூரியாக இருக்கும் கொழும்பு அக்கடமியில் சித்திரம் கற்பிக்க 1846இல் வந்தார். நிலக்காட்சியும் கட்டடங்களும் அவருடைய துறை. அதற்கும் முன்பே, 1823இல், பேராதனைத் தாவரப் பூங்காவில் ஹர்மானிஸ் டி அல்விஸ் வரைஞராகச் சேர்ந்து, இலையும் பூவும் விதையுமாக ஆயிரக்கணக்கில் நீர்வண்ணத்தில் தீட்டினார். அவருடைய பிள்ளைகளும் அதே தொழிலைக் கற்றார்கள். முதல் வழி பள்ளிக்கூடத்தினுடையது, கண்டதை வரையச் சொல்வது. மற்றது பட்டறையினுடையது, தகப்பன் கையைப் பார்த்துப் பிள்ளை பழகுவது. இருபதாம் நூற்றாண்டில் சித்திரப் பரிசோதகராக இருந்த சி. எப். வின்சர், பிரதி எடுப்பதையே கல்வி என்று கொண்டிருந்த பள்ளிக்கூடச் சித்திரப் பாடத்தை உடைத்து, பிள்ளையின் சொந்தப் பார்வைக்கு இடம் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938இல் தொடங்கிய ஓவியக் கழகம் வின்சரின் பெயரையே தாங்கியது. கொழும்பில் 1943இல் லயனல் வென்ட்டைச் சுற்றி உருவான ‘43 குழு’ இலங்கை ஓவியத்துக்கு நவீன முகத்தைத் தந்தது. இவை எல்லாம் பெரிய காரியங்கள். ஆயினும் இந்த நூறாண்டுக் கதையில் எழுத்துக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. நிலக்காட்சிக்கு ஆசிரியர் இருந்தார், உருவப்படத்துக்கு இருந்தார், கோயில் சுவர்ச் சித்திரத்துக்கும் இருந்தார். எழுத்து மட்டும் மொழிப்பாட ஆசிரியரின் பொறுப்பாகவும், பின்னர் அச்சுக்கோப்பவரின் பொறுப்பாகவும் விடப்பட்டது.

இங்கேதான் கொழும்புத் தமிழர் வரலாற்றின் மிகவும் வியப்பான, அதிகம் பேசப்படாத தொடர்பு ஒன்று வருகிறது. சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலை அவர் எழுதியபோது, அதை ஏதோ ஒரு பதிப்பகத்திடம் ஒப்படைக்கவில்லை. இங்கிலாந்தில் பிரோட் கம்ப்டன் என்ற கிராமத்தில் தம் வீட்டிலேயே 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை அச்சிட்டார். மொத்தம் 425 பிரதிகள். அதற்குப் பயன்பட்ட கையச்சுப் பொறி, வில்லியம் மொரிஸ் தம் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் ஆங்கிலக் கவிஞர் சோசரின் படைப்புகளை 1896இல் அச்சிட்ட பொறி. அந்த மொரிஸ்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கையால் எழுதிப் பொன்னிட்ட நூல்களை மீண்டும் செய்து காட்டியவர். அதே காலத்தில் இலண்டனில் எட்வர்ட் ஜோன்ஸ்டன் என்ற இளைஞர், பழைய ஏடுகளை அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து படித்து, மறந்துபோன பேனாப் பிடிப்பைத் தாமே கண்டுபிடித்தார். 1899இல் அவர் தொடங்கிய முதல் வகுப்புக்கு வந்தவர்கள் ஏழு பேர். எழுத்தும் பொன்னெழுத்தும் அலங்காரமும் பற்றி அவர் 1906இல் வெளியிட்ட கைந்நூல் இன்றும் இத்துறையின் முதற்பாடம். குமாரசுவாமியின் நூல் அதற்கு இரண்டே ஆண்டுகள் பிந்தியது. இரண்டும் கைவினையை மீட்க எழுந்த ஒரே இயக்கத்தின் பிள்ளைகள். லியவெல, பலாபெதி, கட்டுருமல், சினமல் என்று கண்டிக் கலைஞரின் அலங்கார வடிவங்களைக் குமாரசுவாமி பெயர் சொல்லிப் பதிவு செய்தார். அவை இலங்கையின் அலங்காரக் கல்விக்குள் புகுந்து தமிழ்மொழிப் பிள்ளைகளின் கொப்பிகளுக்கும் வந்துவிட்டன. ஆனால் அந்த இயக்கத்தின் மற்றப் பாதி, அதாவது எழுதும் கருவியை அறிந்து எழுத்தைக் கட்டுவது, கொழும்பு வகுப்பறைக்கு வரவே இல்லை. பாதிப் பாடத்தை வைத்துக்கொண்டு முழுப் பயனை எதிர்பார்த்து வந்திருக்கிறோம்.

ஜோன்ஸ்டன் கற்பித்ததன் சாரம் எளிது. எழுத்தின் தடிப்பையும் மெலிவையும் கண் தீர்மானிப்பதில்லை. பேனாவின் அகன்ற முனையும் அதைப் பிடிக்கும் சாய்வும் தீர்மானிக்கின்றன. தமிழுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் என்ன நடக்கும்? முனையை வரிக்கு முப்பது பாகைச் சாய்வில் பிடித்து ‘ட’ எழுதினால், கீழே இறங்கும் கோடு முனையகலத்தின் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், வலப்பக்கம் ஓடும் கோடு சரிபாதியாகவும் வரும். ‘ப’ இரண்டு தடித்த கால்களும் மெல்லிய அடியும் கொண்டு நிற்கும். நாற்பத்தைந்து பாகைக்குத் திருப்பினால் நெடுங்கோடும் கிடைக்கோடும் ஒரே தடிப்பாகிவிடும். வளைவுகளில் மட்டுமே வேறுபாடு தெரியும். தமிழ் எழுத்துகளில் கிடைக்கோடுகள் முக்கியமானவை என்பதால், எந்தச் சாய்வு தமிழுக்குப் பொருந்தும் என்பதே மாணவர் முதலில் கையால் விடை காண வேண்டிய கேள்வி. அடுத்தது உயரம். ஜோன்ஸ்டன் தம் அடிப்படை எழுத்து நடைக்கு முனையகலத்தின் நான்கு அல்லது நான்கரை மடங்கு உயரம் வைத்தார். அந்த அளவில் ‘ண’ எழுதினால் சுழிகள் மையால் அடைத்துக்கொள்ளும். ‘ஞ’, ‘ஐ’ போன்றவையும் மூச்சுத் திணறும். தமிழுக்கு ஆறு, ஏழு மடங்கு உயரம் தேவைப்படும் என்பதை இரண்டு வரி எழுதியதுமே பிள்ளை தானே கண்டுகொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளியோ, அகன்ற முனையை ஒருமுறை வைத்து எடுத்தாலே சாய்சதுரமாக விழும். பொன் வைப்பதற்கு அதைவிட நல்ல இடம் ஒரு தமிழ் வரியில் இல்லை. பழைய ஏட்டுத் தமிழில் புள்ளி பெரும்பாலும் விடப்பட்டது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பது காரணம். ஓலை தடுத்ததைத் தாள் அனுமதிக்கிறது. இப்படிப் பழகிய ஒரு பிள்ளைக்குத் தன் எழுத்தில் எங்கே நிறம் ஏறும், எங்கே ஏறாது என்பது தெரிந்திருக்கும். அலங்காரக் கல்வி இந்த அறிவின் மேல் நிற்க வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்கு முதலில் எழும் மறுப்பு வலுவானது. பொன்னெழுத்து மேற்கு நாட்டுத் துறவிமடங்களின் கலை, தமிழில் அதற்கு மரபே கிடையாது, ஏன் இறக்குமதி செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுதான் விடை சொல்ல வேண்டும். தமிழ் ஏடுகளில் எழுத்து வண்ணம் பெற்றதில்லை. இரண்டு விரல் அகலமுள்ள பனையோலையில், எழுத்தாணியால் நிறமின்றிக் கீறி, கரி தடவித் துடைத்துத்தான் வரியே கண்ணுக்குத் தெரியச் செய்தார்கள். அகன்ற தாளிப்பனை ஓலையில் எழுதிய சிங்கள ஏடுகளுக்காவது வண்ணம் தீட்டிய மரச்சட்டங்கள் வாய்த்தன. எனவே ஐரோப்பிய ஏட்டின் நேர்ப் பதிலியைத் தமிழில் தேடினால் ஏமாற்றமே. அது மட்டுமன்று: அந்த ஏட்டின் அழகு முழுவதும் வரித் தொடக்கத்தில் வரும் பெரிய எழுத்தைச் சுற்றியே கட்டப்பட்டது; தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. இதை அறியாமல், பந்தியின் முதல் ‘அ’வை ஊதிப் பெருப்பித்து அதற்குள் கொடி சுற்றுகிறவர்கள் வெளித்தோற்றத்தை மட்டும் கடன் வாங்குகிறார்கள். தமிழ்ப் பக்கத்துக்குத் தலை வேறு இடத்தில் இருக்கிறது. எதை எழுதத் தொடங்கினாலும் மேலே வரும் பிள்ளையார் சுழியும், அதன் கீழ் வரும் கடவுள் வணக்கச் சொல்லும், கிறிஸ்தவர் இடும் சிலுவையும், முஸ்லிம்கள் எழுதும் 786உம் பக்கத்தின் உச்சியை நெடுங்காலமாக ஒதுக்கி வைத்திருக்கின்றன. அலங்காரம் அங்கே தொடங்கி இரு பக்கக் கரைகளிலும் இறங்குவதே இயல்பு.

மரபே இல்லை என்ற கூற்றை அசைக்க இரண்டு சான்றுகள் போதும். ஒன்று கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்திலேயே நிற்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய, 1409ஆம் ஆண்டுத் தேதி பொறித்த மும்மொழிக் கல்வெட்டு 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே கற்பலகையில் இருக்கின்றன. தலைப்பில் முத்தை நோக்கிய இரண்டு யாளி போன்ற சீன நாகங்களும், ஓரங்களில் பூவேலையும் உண்டு. தென்னாவரை நாயனாரைப் போற்றும் தமிழ் வரிகள் அந்த அலங்காரச் சட்டத்துக்குள் அமைந்திருக்கின்றன. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ் எழுத்தும் கரை அலங்காரமும் ஒன்றையொன்று அறிந்திருந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அலங்காரக் கல்வி பெறும் ஒவ்வொரு கொழும்புப் பிள்ளையும் ஒருமுறையாவது அதன் முன் தாளோடும் பென்சிலோடும் உட்கார வேண்டும். இரண்டாவது சான்று இன்னும் நெருக்கமானது: சித்திரகவி. தண்டியலங்காரம் இலக்கணம் வகுத்த இந்த மரபில், கவிதையின் எழுத்துகள் ஓர் உருவத்துக்குள் நிறுத்தப்படுகின்றன. நாகபந்தத்தில் இரண்டு பாம்புகள் பின்னிக்கிடக்கும். அவை ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் நிற்கும் எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொதுவாக இருக்கும். இரதபந்தத்தில் ஏழுகூற்றிருக்கை என்ற செய்யுளின் எண்கள் ஏறி இறங்கித் தேரின் தட்டுகளாக அடுக்கப்படுகின்றன. எழுத்து இல்லாவிட்டால் இங்கே படமே கிடையாது. படம் இல்லாவிட்டால் பாட்டின் திறமை வெளியே தெரியாது. மேலைநாட்டு ஏடுகளில் கூட எழுத்தும் உருவமும் இவ்வளவு இறுக்கமாகப் பிணைவது அபூர்வம். இதைச் செய்யுள் விளையாட்டு என்று ஒதுக்கிய தமிழாசிரியர்களும், செய்யுள் தமக்குச் சம்பந்தமில்லை என்று விட்ட சித்திர ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு பெரும் பாடப்பொருளை வீணாக விட்டிருக்கிறார்கள். நாகபந்தம் ஒன்றைக் கட்டம் கட்டி, பொது எழுத்துகளுக்கு மட்டும் பொன்னிட்டு, பாம்புகளின் உடலை இரண்டு நீர்வண்ணத்தில் வேறுபடுத்திக் காட்டச் சொன்னால், அந்த ஒரு பயிற்சியில் அளவு, எழுத்து, வண்ணம், பொன் நான்கும் அடங்கிவிடும்.

இனி வண்ணத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் நீர்வண்ணம் என்றால் நனைந்த தாளில் நிறம் பரவுவதை ரசிப்பதே பெரும்பகுதி. அலங்காரப் பக்கத்துக்குத் தேவைப்படுவது அதன் மறுமுனை: உலர்ந்த தாள், சிறிய தூரிகை, எல்லைக்கோட்டைத் தாண்டாத சமமான பூச்சு, அதன் மேல் மெல்லிய வெள்ளைக் கோடு. பிள்ளைகள் வழக்கமாக வாங்கும் பிரிஸ்டல் போர்ட் இரண்டாவது ஈரத்துக்கே மேற்பரப்பு உரிந்து தும்பு கிளம்பும். தடித்த நீர்வண்ணத் தாள் விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒரு முழுத் தாளை எட்டாக வெட்டினால் எட்டு முழுமையான பயிற்சிகளுக்குப் போதும், ஏனெனில் இந்தக் கலை சிறிய அளவில்தான் சிறக்கும். வேலையின் வரிசையை மாற்றவே கூடாது. எழுத்து முதலில், பொன் அடுத்து, வண்ணம் அதன்பின், எல்லைக்கோடு கடைசி. இதற்குக் காரணம் உண்டு. வண்ணத்தில் பிசின் இருக்கிறது. வண்ணம் பூசிய பின் தங்க ரேக்கு வைத்தால் ரேக்கு வேண்டாத இடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும், மெருகிடும் கல் வண்ணத்தையும் தேய்த்துவிடும். தஞ்சாவூர் ஓவியர்களும் சுக்கான் மக்கு வைத்து மேடு கட்டி, கல்லும் ரேக்கும் பதித்த பிறகே நிறம் தொடுகிறார்கள். இரண்டு மரபுகளும் தனித்தனியாக ஒரே வரிசைக்கு வந்து சேர்ந்தது தற்செயல் அன்று. பொருளின் இயல்பு அதைக் கட்டாயப்படுத்துகிறது. கொழும்புக்கு இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. பொன் ஒட்டும் மக்குக்குச் சிறிது ஈரம் வேண்டும். குளிர்ந்து வறண்ட ஊர்களில் அதன் மேல் மூச்சு விட்டுத்தான் ரேக்கை ஒட்டுவார்கள். கடற்காற்றில் ஊறும் வெள்ளவத்தையில் மக்கு தேவைக்கு மேல் இளகி, மெருகிடும்போது நசிந்துவிடும். தை, மாசி மாதங்களின் வறண்ட முற்பகல் இதற்கு ஏற்றது. மற்ற மாதங்களில் காவி மஞ்சளையோ பொன்னிற வண்ணத்தையோ வைத்துப் பழகலாம். உண்மையில் முதல் ஓராண்டுக்குப் பொன்னே தேவையில்லை. மஞ்சளால் சரியாக நிரப்பத் தெரியாத கைக்கு ரேக்கைக் கொடுப்பது பொருளையும் பிள்ளையின் நம்பிக்கையையும் சேர்த்து வீணாக்கும்.

எழுதுவதையும் வண்ணம் தீட்டுவதையும் ஒரே ஆளுக்கு ஏன் கற்பிக்க வேண்டும் என்ற கேள்வி அடுத்தது. வரலாறு இந்த மறுப்பின் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்கக் கூடாது. இடைக்கால ஐரோப்பாவில் எழுதியவர் ஒருவர், பொன்னிட்டவர் வேறொருவர். எழுதியவர் வெற்றிடம் விட்டு, அதில் வரவேண்டிய எழுத்தைச் சிறியதாகக் குறித்து வைப்பார், மற்றவர் பின்னால் வந்து நிரப்புவார். மொரிஸ் 1870இல் கையால் எழுதிய கவிதை ஏட்டிலும் நண்பர்களின் கை இருக்கிறது. நம் அயலில் மிகவும் புகழ்பெற்ற உதாரணம் இந்திய அரசியலமைப்பின் மூலப்பிரதி. ஆங்கில வாசகம் முழுவதையும் கையால் எழுதியவர் பிரேம் பிஹாரி நாராயண் ராய்சாதா. எழுத்துக்கலையை அவர் தம் பாட்டனாரிடம் கற்றவர். பக்கங்களை அலங்கரித்தவர்கள் ஓவியர் நந்தலால் போஸும் சாந்திநிகேதன் மாணவர்களும். 1950 ஜனவரி 24ஆம் தேதி உறுப்பினர்கள் அதில் கையெழுத்திட்டார்கள். ஆனால் இந்த உதாரணத்தையே கூர்ந்து பார்த்தால் என் வாதத்துக்கு அது துணையாகிறது. எழுதியவர் ஓரத்தை அளந்து விட்டிருக்கிறார். வரைந்தவர்கள் அந்த அளவை மதித்து, எழுத்தின் கனத்தைவிட ஓரத்தின் கனம் மேலோங்காதபடி நிறத்தை அடக்கியிருக்கிறார்கள். மற்றவரின் வேலையை உள்ளிருந்து அறிந்தவர்களுக்கே அந்த அடக்கம் வரும். வேலையைப் பிரித்துக்கொள்வது தேர்ந்தவர்களின் வசதி. கற்கும் பிள்ளைக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். பின்னர் எது கைக்கு வருகிறதோ அதில் நிலைக்கட்டும்.

வின்சரின் வழியில் வந்த சித்திர ஆசிரியர்களுக்கு இதைவிட ஆழமான கவலை ஒன்று உண்டு. வடிவத்தைப் பார்த்துப் பார்த்து எழுத வைப்பது பிள்ளையின் கற்பனையைக் கொல்லும், பழைய பிரதிப் படிப்பை மீண்டும் வாசலுக்குள் அழைக்கும் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சத்துக்கு வரலாற்று நியாயம் இருக்கிறது. ஆயினும், பிரதி எடுப்பதில் இரண்டு வகை உண்டு. முடிவை மட்டும் நகலெடுப்பது ஒன்று. அந்த முடிவுக்குக் கொண்டுவந்த கையசைவை மீட்டெடுப்பது மற்றது. 43 குழுவின் நவீன ஓவியர்களிடையே இருந்த எல். டி. பி. மஞ்சுசிறீ, நாடெங்கும் விகாரைகளுக்கு நடந்துபோய்ச் சுவர்ச் சித்திரங்களைப் பிரதி எடுத்தவர். அந்த வடிவங்களைத் தொகுத்து 1977இல் நூலாக்கினார். 1979இல் மக்சேசே விருதும் பெற்றார். அந்தப் பிரதிப் பணி அவருடைய சொந்த ஓவியத்தின் துணிச்சலைக் குறைக்கவில்லை. ஜோன்ஸ்டனின் வகுப்பும் அப்படித்தான். பத்தாம் நூற்றாண்டு ஏடொன்றை முன்னால் வைத்து எழுதச் சொன்ன அதே ஆசிரியரின் கையிலிருந்துதான், 1916 முதல் இலண்டன் சுரங்க ரயிலின் பலகைகளில் இடம்பெற்ற, எவ்வித அலங்காரமும் இல்லாத புதிய எழுத்தும் வந்தது. தமிழ்நாட்டில் கே. எம். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூலட்டைகளுக்கும் எழுதிக்கொடுத்த தலைப்பெழுத்துகள் இதே உண்மையைத் தமிழில் காட்டுகின்றன. கோட்டைப் பல்லாண்டு பயின்ற கை என்பதால்தான் அந்த எழுத்துகள் உடைந்தும் வாசிக்கக் கிடைத்தன. கற்பனை சுதந்திரமாக ஓடக் கைக்குப் பாதை தெரிந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் இந்த ஆசிரியர்களோடு சேர்ந்து வலியுறுத்துவேன்: பிரதிப் பயிற்சிக்கு எல்லை வேண்டும். மூன்று மாதம் ஒரே வடிவத்தை எழுதிய பிள்ளை, நான்காம் மாதம் தன் பெயரையாவது தன் விருப்பப்படி எழுதிப் பார்க்க விடப்பட வேண்டும்.

கணினி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று அச்சகக்காரர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம். இலங்கைத் தமிழ் அழைப்பிதழ்களில் எத்தனையோ ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவே கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒன்றாகச் சேவை செய்து வருகிறது. விரைவு, மலிவு, பிழைதிருத்தும் வசதி எல்லாம் அதில் உண்டு. கையால் எழுதிய துணிப்பதாகையின் இடத்தைப் பிளாஸ்டிக் பதாகை பிடித்துவிட்டது, அது திரும்பி வரப்போவதில்லை. ஆனால் எழுத்துருவையும் யாரோ ஒருவர் வரைந்தே ஆக வேண்டும். தமிழுக்கு நல்ல எழுத்துருக்கள் குறைவாக இருப்பதற்கு, எழுத்தின் எலும்புக்கூட்டைக் கையால் அறிந்தவர்கள் குறைவாக இருப்பதே பெருங்காரணம். கொழும்பின் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க வேண்டிய ஊர் இது. பல பலகைகளில் சிங்கள எழுத்து வட்டமும் வளமுமாக இருக்க, நடுவில் தமிழ் சூம்பிப்போய், சில இடங்களில் எழுத்துப் பிழையோடும் நிற்கிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின் தமிழும் ஆட்சிமொழி. சட்டம் தந்த இடத்தைப் பலகையில் நிரப்ப மூன்று எழுத்தையும் ஒரே கனத்தில் அமைக்கத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கையைக் கணினி உண்டாக்காது; கணினியைச் சரியாகப் பயன்படுத்த அந்தக் கைதான் உதவும். கொழும்பில் அலங்கார எழுத்துக் கற்கும் தமிழ்ப் பிள்ளை சிங்கள எழுத்தையும் அகன்ற முனையால் எழுதிப் பழக வேண்டும் என்பேன். பக்கத்து எழுத்தின் வளைவை அறிந்தால் தன் எழுத்தின் நேர்கோட்டை இன்னும் நன்றாக அறியலாம்.

பரீட்சையும் பிழைப்பும் கடைசியாக வரும் மறுப்புகள். சாதாரண தரத்தில் சித்திரம் அழகியல் பாடங்களில் ஒன்று; ரியூஷன் வகுப்பின் காலம் அதற்குத் தயார்படுத்தவே சரியாகிவிடுகிறது என்பார்கள். அது உண்மை, ஆகவே இந்தப் பயிற்சியைப் பாடத்திட்டத்துக்குள் திணிக்கக் கேட்பதில் பயனில்லை. இலங்கைத் தமிழ் ஓவியத்தின் நல்ல பரம்பரைகள் பள்ளிக்கூட மணிக்கு வெளியில்தான் உருவாயின. யாழ்ப்பாணத்தில் அ. மாற்கு மாஸ்ரர் நடத்திய விடுமுறைக்கால ஓவியர் கழகம் அதற்குச் சான்று. பின்னர் போர் அந்தத் தொடர்ச்சிகளைச் சிதைத்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த ஏடுகள், எழுத்தைப் படிக்க நமக்கு இருந்த மாதிரிகளும்தான். 1983க்குப் பின் ஆசிரியர்களும் மாணவர்களும் பல நாடுகளுக்குப் போய்விட்டார்கள். கற்றுத்தர இங்கே குரு இல்லை என்ற பேச்சு அதனால் எழுகிறது. ஆனால் ஜோன்ஸ்டனுக்கும் குரு இருக்கவில்லை. அவருடைய மாணவர் கிரெய்லி ஹியூவிட், இத்தாலிய ஓவியர் சென்னினியின் ஐந்நூறு ஆண்டுப் பழைமையான கைந்நூலைப் படித்து, தவறித் தவறிப் பார்த்தே பொன்னிடும் முறையை மீட்டார். அந்தப் பரம்பரையில் வந்த டொனால்ட் ஜக்சன் 1998இல் ஏற்றுக்கொண்ட செயின்ட் ஜோன்ஸ் விவிலியம், தோலும் இறகுப் பேனாவும் கொண்டு எழுதப்பட்டு 2011இல் முடிந்தது. ஏழு பேரோடு தொடங்கிய வகுப்பு நூறாண்டு கடந்து அங்கே வந்து நின்றது. பிழைப்பு என்று பார்த்தால், வாழ்த்துப்பாவும் அழைப்பிதழும் பெயர்ப்பலகையும் எழுத்துருவும் கேட்கும் ஊரில் இந்தக் கைக்கு வேலை இல்லாமல் போகாது. பெரிய வருமானம் என்று வாக்குக் கொடுக்க முடியாது. மதிப்பான வேலை என்று சொல்ல முடியும்.

தேவைப்படுவது பெரிய நிறுவனம் அன்று. மேசை, நல்ல வெளிச்சம், அகன்ற முனைப் பேனா, எட்டாக வெட்டிய தாள், கிழமைக்கு இரண்டு மணித்தியாலம். 1942இல் தொடங்கி இன்று வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்திடம் நூலகமும் மண்டபமும் இருக்கின்றன. கொட்டாஞ்சேனையில் விவேகானந்த சபை 1902 முதல் கல்விப் பணி செய்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைக் கழகத்திலும், மட்டக்களப்பின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் ஓவியம் படித்து வந்தவர்கள் தலைநகரில் கற்பிக்க ஆயத்தமாக இருப்பார்கள். சித்திர ஆசிரியர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. ஒருவர் இல்லாமல் மற்றவர் நடத்தினால் பழைய பிரிவே தொடரும். சங்கத்தாரும் சபையாரும் அடுத்த விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது, சின்னஞ்சிறுவர்களுக்கு அரிசித் தட்டு வைக்கும் அதே நாளில், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு இந்த வகுப்பையும் தொடக்கி வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.